பால் டப்பாவில் சூரியன்

பால் பவுடர் டப்பாவில் ஊசித்துளை போட்டு, உள்ளே போட்டோ காகிதம் வைத்து, கொத்தோபக்சி மலையைப் பார்த்தபடி எங்கள் வேலிக் கம்பத்தில் கட்டியிருந்தேன். ஆறு மாதம் அசையாமல் இருந்தால், சூரியன் அந்தக் காகிதத்தில் மலைக்கு மேலே தினமும் ஒரு கோடு வரைந்துவிடும். பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளிடம் கத்திவிட்டு வரும் எனக்கு, அந்த டப்பாவைப் பார்த்தால்தான் மூச்சு நிதானப்படும்.

நான்காம் மாதம், பால் வண்டிக்கார லிசார்தோ அதைத் திறந்து அரை லிட்டர் பாலை ஊற்றிவிட்டுப் போயிருந்தான்.

மறுநாள் வண்டியை மறித்தேன். “உனக்குக் கண்ணு இல்லையா? டேப் சுத்தி ஒட்டியிருந்தேனே!”

“ஈ மொய்க்காம இருக்க ஒட்டினீங்கன்னு நெனச்சேன் டீச்சர். கம்பத்துல டப்பா தொங்கினா பால் வேணும்னுதானே அர்த்தம்? கறந்த சூடு ஆறாத பாலு!”

“நாலு மாச வெயில்டா அது!”

“வெயிலா? அப்ப வேற கம்பத்துல கட்டுங்களேன்.”

“மலை இங்கேருந்துதான் முழுசா தெரியுது. இங்கேயேதான் கட்டுவேன். எத்தனை தடவை கெட்டாலும் கட்டுவேன்.”

அன்றே புது டப்பாவைக் கட்டினேன். உள்ளே சூரியன் கோடு வரைவதையும் டப்பா அசையக் கூடாது என்பதையும் சொல்லிக்கொண்டே நான் கம்பியை முறுக்கும்வரை லிசார்தோவே டப்பாவைப் பிடித்துக்கொண்டான்.

தெருவெல்லாம் ஹாரன் அடித்து ஊரை எழுப்புகிறவன், இப்போது எங்கள் வேலி வந்ததும் ஹாரனிலிருந்து கையை எடுத்துவிடுகிறான். எஞ்சினையும் அணைத்து, சரிவில் வண்டியைத் தானாக உருள விடுகிறான். இல்லாவிட்டால் சூரியனுக்குக் கை நடுங்கிவிடுமாம்.

சத்தத்தால் காகிதத்துக்கு ஒன்றும் ஆகாது. அதை அவனிடம் நான் சொல்லப்போவதில்லை.