ஒத்துப்போகாத இரண்டு கருவிகள்

எனக்கு வந்த கோபத்துக்கு, கருவியைத் தூக்கி மொட்டைமாடியிலிருந்து கீழே வீசியிருப்பேன். இரண்டில் எதை வீசுவது என்றுதான் தெரியவில்லை.

ஒன்று எங்களுடையது. வானத்திலிருந்து இறங்கும் கண்ணுக்குத் தெரியாத வெப்பத்தை, திருவொற்றியூரில் இந்த மாடியிலேயே ஒரு வருடமாக அளக்கிறது. இன்னொன்று தலைமை ஆய்வகத்தின் இரவல். அது காட்டுவதுதான் சரி என்று கணக்கு. அருகருகே வைத்துப் பார்த்து இரண்டும் ஒத்துப்போனால் என் ஒரு வருட உழைப்பு செல்லும். இல்லாவிட்டால் அத்தனையும் குப்பை. இரவல் கருவி நாளைக்குத் திரும்பிப் போகிறது.

விடிந்ததிலிருந்து இரவல் கருவி கூடுதலாகவே காட்டியது. எங்கள் கருவியின் வயரைக் கழற்றி மாட்டினேன், மட்டம் பார்த்தேன், மணலிப் பக்கமிருந்து வந்து படிந்த கரியைத் துடைத்தேன். ம்ஹும்.

எங்கள் அலுவலகத் தலைவர் தாமோதரன், காசிமேட்டுக்காரர், டீ கிளாசோடு என் பின்னாலேயே நின்றார்.

"வுட்டுத் தள்ளும்மா மகிழினி. நம்ம மிஷினுதான் பேஜாரு பண்ணுது. ஃபெயிலுன்னு எழுதிடு."

"ஒரு வருசம் சார்! வெயில்ல காஞ்சது நானு!"

ஆத்திரத்தில், இரவல் கருவியின் வானத்தைப் பார்த்திருக்கும் மூடியில் விரலை வைத்துவிட்டேன். தொடவே கூடாத இடம். விரலில் ஏதோ மாவு மாதிரி ஒட்டியது. முகர்ந்தேன். சந்தனம். நேற்று ஆயுத பூஜை.

"சார், இதுக்கு யாரு பொட்டு வெச்சது?"

"எல்லா மிஷினுக்கும் வெச்சேன். வந்த விருந்தாளிய மட்டும் வெறுமையா வுட்டா நல்லாவா கீது? காலையில கர்சீப்பால தொடச்சுட்டேன்மா."

எங்கே துடைத்தார்? மூடி முழுக்கப் பூசிவிட்டிருக்கிறார். அந்தப் பூச்சு வானத்தை மறைத்து, தன் சூட்டையும் சேர்த்துக் காட்டிக்கொண்டிருந்தது.

"தெரிஞ்சுகினே என்னய வயர் கழட்ட வுட்டீங்களா?"

"அதாலதான்னு எனக்கு இன்னாம்மா தெரியும்?"

தலையில் அடித்துக்கொண்டேன். மூடியைக் கழுவி முடிப்பதற்குள் கடல் பக்கமிருந்து மேகம் வந்து மூடியது. தெளிந்த வானம் இல்லாமல் ஒப்பிட முடியாது.

"மேகம்னு சொல்லி ரெண்டு நாள் கேக்கலாம்மா," என்றார்.

"காலைல எடுத்த கணக்கு தானா அவங்களுக்குப் போயிடுச்சே, அதுக்கு இன்னா சொல்வீங்க? நடந்தத சொல்லுங்க சார். நீங்களே சொல்லுங்க." ஸ்பீக்கரைப் போட்டு போனை அவர் கையில் திணித்தேன்.

வியர்க்க வியர்க்கச் சொன்னார். தலைமை ஆய்வகத்து ரமாபாய் மேடம் எப்போது வைத்தது, எப்போது துடைத்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

"ரெண்டு நாள் வெச்சுக்கோங்க," என்றார் கடைசியில். "காலைக் கணக்க நான் நீக்கிடறேன். ஆனா சார், நாங்க கருவி மேல இல்ல, அதோட பெட்டிக்கு மேலதான் பொட்டு வைப்போம்."

அப்பாடா என்று எனக்குக் கண்ணில் நீரே முட்டிவிட்டது. தாமோதரனுக்கோ வாயெல்லாம் பல்.

"பாத்தியா? அவங்களும் வெக்கிறாங்கோ!"