குப்பனுக்குத் தந்த சுரம்

மூர்மார்க்கெட் பழைய புத்தகக் கடையில் அந்த இங்கிலீஷ் புத்தகத்தை வாங்காமல் வந்திருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். ஒரு பாட்டை எல்லாரும் ஒரே மாதிரி ஊதக் கூடாதாம். ஒருவன் ‘ச’ பிடித்தால் இன்னொருவன் ‘க’, மூன்றாமவன் ‘ப’. மூன்றும் ஒன்றாகக் கேட்டால் அதற்குப் பெயர் கார்ட். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எட்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

திருவள்ளூரில் எங்கள் பேண்டு செட்டில் நான் கிளாரினெட், குப்பன் டிரம்பெட், அப்பாவு சாக்ஸபோன். மூன்று பேரும் ஒரே மெட்டைத்தான் ஊதுவோம். வசதியான வீட்டுக் கல்யாணம் என்றால் மெட்ராஸ் செட்டுதான் வந்து இறங்கும். அறுபத்தொன்பதில் ரைஸ்மில் அருணகிரி தன் மூத்த மகள் கல்யாணத்துக்கு எங்களைக் கூப்பிட்டதே அதிசயம். “நல்லா இல்லேன்னா சின்னவளுக்கு மெட்ராஸ் செட்டுதான்” என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். அவர் ஒதுக்கினால் ஊரே எங்களை ஒதுக்கும்.

ஏரிக்கரையில் மூன்று மாதம் ஒத்திகை. மெட்டு எனக்கு, கூட நிற்கும் சுரங்கள் அவர்களுக்கு. நாலு அடி போவதற்குள் குப்பன் என் மெட்டுக்கு வந்து ஒட்டிக்கொள்வான்.

“இன்னா நைனா, பாட்டு ஒரு பக்கம் போய்க்கினு கீது, என்னை வேற பக்கம் போவச் சொல்ற. குப்பனுக்குப் பாட்டே தெரியலன்னு ஊரே சிரிக்காதா?”

விளக்கினேன், கெஞ்சினேன், திட்டினேன். இவனோடு பேசிப் பேசி எனக்கே பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. கடைசியில் பெரியபாளையத்தம்மன் பேரில் இரண்டு பேரிடமும் சத்தியம் வாங்கினேன்: எது நடந்தாலும் என் மெட்டுக்கு வரக் கூடாது. அதன் பிறகு இம்மி அசையவில்லை.

தை மாதம், மாப்பிள்ளை அழைப்பு. முதல் சரணத்திலேயே தெரு திரும்பிப் பார்த்தது. காரில் மாப்பிள்ளை பக்கத்தில் இருந்த அருணகிரி தலையாட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து பெட்ரோமாக்ஸ்காரன் என் மேல் வந்து மோதினான். பல்லில் இடித்துக் கிளாரினெட்டின் வாயில் சத்தம் எழுப்பும் நாணல் சீவலான ரீடு பிளந்தது. ஊதினால் வெறும் காற்று.

மெட்டைப் பிடி என்று குப்பனுக்குக் கையைக் காட்டினேன். சத்தமாக ஊதச் சொல்கிறேன் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டு ஊதினான். அப்பாவுவும் விடவில்லை. பாட்டு இல்லை. பாட்டுக்குத் துணை நின்ற சுரங்கள் மட்டும் தனியாகத் தெருவில் போய்க்கொண்டிருந்தன.

“இது இன்னா பாட்டுடி?” என்றாள் ஒருத்தி. யாருக்கும் தெரியவில்லை. எல்லாரும் சிரித்தார்கள்.

அருணகிரி கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். மைத்துனர் பக்கம் திரும்பி, “அந்த மெட்ராஸ்காரனுங்க விலாசம் உன்கிட்ட கீதா?” என்றார்.

என் காதில் விழுந்தது. குப்பனுக்கு விழவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு, மூன்று மாதத்தில் முதல் தடவையாகச் சிரித்தபடி என்னிடம் வந்தான்.

“ஒரு எடத்துல கூடத் தப்பல, இல்ல நைனா?”

தப்பவில்லைதான்.