இன்னும் ஒரு சீவல்

1

"போதும், விடுங்க. பொருந்திடுச்சு."

"எங்க பொருந்திச்சு? வெளிச்சத்துல புடிச்சுப் பாரு, மூலையில நகம் போற அளவுக்கு—"

"நகமும் போகல, ஒண்ணும் போகல. காலையிலேர்ந்து இதையே—"

"நீ சும்மா இரு."

எனக்குக் கதை இப்படித்தான் வரும்: குரல் முதலில், முகம் பிறகு. நிலைக்கண்ணாடியைப் பழுதுபார்க்கக் கொடுத்துவிட்டுத் தச்சர் பட்டறை வாசலில் உட்கார்ந்திருந்தேன். வயதான காது; சண்டை மட்டும் நன்றாகக் கேட்கும். பேசியது தச்சரும் அவர் மனைவியும். இந்த நாலு வரிக்கு மேல் எல்லாம் நான் இட்டுக்கட்டுவது.

2

அவர் செய்வது மகளின் படத்துக்குச் சட்டம். மகள் போய் ஒரு மாதம். (முதலில் 'காய்ச்சல்' என்று எழுதினேன். கதைக்குள் இருந்த அந்த அம்மா, தச்சர் மனைவி, ஒத்துக்கொள்ளவில்லை; அடித்துவிட்டேன்.) புருஷனிடம் அடிபட்டு ஓடிவந்தவளை மூன்றாம் நாளே திருப்பி அனுப்பினார்கள். அடுத்த வாரம் அங்கிருந்து அவளைப் பிணமாகத்தான்

இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன்.

3

வேலை தெரியாதவர்களுக்கு: மூலையில் இரண்டு கட்டைகளும் ஒரே சாய்வில் வெட்டுப்பட்டுச் சந்திக்க வேண்டும். இடுக்கு தெரிந்தால் இழைப்புளியால் ஒரு சீவல். ஒன்றில் எடுத்தால் எதிர்க்கட்டையிலும் எடுத்தாக வேண்டும். ஒவ்வொரு சீவலுக்கும் சட்டம் சிறுக்கும். அதற்கேற்பப் படத்தின் ஓரத்தை நறுக்க வேண்டும்.

படத்தில் மகள் சிரிக்கிறாள், சொன்னதற்காகச் சிரித்த சிரிப்பு. ஓரத்திலிருந்து ஒரு கை நீண்டு அவள் தோளில் கிடக்கிறது.

(மருமகன் கை என்று வைத்தால் எனக்குச் சுலபம். ஆனால் அவன் கையென்றால் தச்சர் கத்திரியை எடுத்து ஒரே வெட்டில் முடித்திருப்பார். இழைப்புளி எதற்கு?)

4

"அது உங்க கைங்க."

"தெரியும்."

"ரெண்டு விரல் ஏற்கெனவே போயாச்சு. மூலைக்காகச் சீவுறேன்னு என்கிட்டயே சொல்றீங்க."

"இன்னும் ஒரே ஒரு சீவல்."

"வேணாம். புருஷன் வீட்டுக்கே திரும்பிப் போக பஸ்ஸுக்குக் கிளம்பி வாசல்ல நின்னவ தோள்ல, எல்லாம் சரியாப் போயிடும்னு சொல்லி வெச்ச கை. வர்றவங்க எல்லாரும் பாக்கட்டும்."

5

முடிவு ஒன்று: கை தெரிய ஆணியடித்து மாட்டுகிறார். முடிவு இரண்டு: மனைவி சட்டத்தை முறித்துப் போடுகிறாள். இரண்டையும் எழுதிக் கிழித்தேன். அந்த அம்மா பக்கமே நின்று எழுதிவந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. இனி வருவதை நீங்களே கேளுங்கள்.

தச்சர் இழைப்புளியைக் கீழே வைத்தார். காலடியில் கிடந்த மரச்சுருளையெல்லாம் ஒதுக்கிவிட்டு, படத்தை மனைவியிடம் நீட்டினார்.

"சரி, கை என்னுது. 'சிரிடி'ன்னு சொல்லி இந்தப் படத்தை எடுத்தது யாரு?"