இழுக்காத வண்டி

திருத்தணி மலைப்பாதையில் இரண்டாவது வளைவைத் தாண்டியதும் வண்டி இழுக்காமல் நின்றுவிட்டது. ஆக்சிலேட்டரை மிதித்தால் பின்னால் கரும்புகை வந்தது, சக்கரம் நகரவில்லை. எனக்குப் பின்னால் ஆந்திரா நம்பர் போட்ட வேன் ஒன்று, அதற்குப் பின்னால் வரிசையாக ஆட்டோக்கள். எல்லோரும் ஹாரனில் கையை வைத்துவிட்டார்கள். பக்கத்து சீட்டில் என் மாமியார் ஜெயம்மா பூஜைப் பையை மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் எறங்குங்க அத்த. பாரம் கொறஞ்சா ஏறுதான்னு பாக்கலாம்."

"நான்தான் பாரமா?" என்றார். ஆனாலும் இறங்கினார்.

அவர் இறங்கியும் வண்டி ஏறவில்லை. ஒரு ஆட்டோக்காரர் என் ஜன்னலருகே வந்து குனிந்தார். "ஏம்மா, ஓட்டத் தெரியாம இன்னாத்துக்கு மலைக்கு எடுத்துகினு வர்ற?" பதில் சொன்னால் நேரம்தான் வீண். பின்னால் நின்றவர்களை முன்னே போகவிட்டு, ஹேண்ட்பிரேக்கைப் பிடித்து விட்டு, விட்டுப் பிடித்து, வளைவு வளைவாகப் பின்னோக்கியே கீழே இறக்கினேன். ஓட்டத் தெரியாதவள் அப்படி இறக்கியிருக்க மாட்டாள். அதைப் பாராட்ட அங்கே யாரும் இல்லை. மாமியார் அதே ஆட்டோவில் ஏறி மேலே போய்விட்டார்.

என் பெயர் கனிமொழி. வீடு கே.ஜி.கண்டிகை. அம்மையார்குப்பத்தில் தறிக்காரர் வீடுகளில் புடவை எடுத்து, திருத்தணி, அரக்கோணம் கடைகளுக்குப் போடுவது என் தொழில். வண்டி வருவதற்கு முன் பேருந்தில்தான் மூட்டை தூக்கினேன். ஒருமுறை படிக்கட்டோரம் வைத்த மூட்டை மழையில் நனைந்து, அரக்குச் சாயம் இறங்கி வெள்ளைப் புடவைகளெல்லாம் திட்டுத்திட்டாகப் போயின. அந்தத் தறிக்காரர் அதற்குப் பிறகு எனக்குச் சரக்கே கொடுக்கவில்லை. இந்தப் பழைய டீசல் கார் வந்த பிறகுதான் தொழில் நிமிர்ந்தது. வண்டி போனால் தொழிலும் போகும். வீட்டில் அதைப் பற்றிக் கவலைப்பட்டவள் நான் ஒருத்திதான்.

என் கணவர் டில்லிபாபுவுக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. கம்பெனி பஸ் வீட்டுக்குப் பக்கத்திலேயே வந்து ஏற்றிக்கொண்டு போகும். வண்டியை அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் கறிக்கடை வரைக்கும் ஓட்டுவார். அவ்வளவு அனுபவத்தை வைத்துக்கொண்டு அன்று சாயங்காலம் தீர்ப்புச் சொன்னார்.

"கிளட்ச்ல கால வெச்சுகினே ஓட்டுற நீ. அதான் இன்ஜின் போச்சு."

"கிளட்ச் போனா கருப்பா பொக வராதுங்க."

"ஆங், நீதான் பெரிய மெக்கானிக்கு!"

மாமியாரும் சேர்ந்துகொண்டார். "அவளுக்குக் காலு கொஞ்சம் பலம்தான் நைனா. நான் பக்கத்துல குந்திகினு பாத்துகினுதானே கீறேன்."

நான்கைந்து மாதமாகவே இந்தப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. மைலேஜ் குறைந்தால் என் கால். புகை வந்தால் என் கால். பள்ளிப்பட்டு ரோட்டில் ஒரு டிராக்டரை முந்த முடியாமல் போனதும் என் கால்தான்.

வண்டிக்கு மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மலைமேல் பூஜை உண்டு. அதைச் செய்பவர் என் மாமியார். மற்றவர்கள் பானெட்டுக்கு மேலே பட்டை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து முடித்துக்கொள்வார்கள். இவருக்கு அதில் திருப்தி கிடையாது. "ஓடறது இன்ஜினு. தகரத்துக்குப் பொட்டு வெச்சு இன்னா ஆவப்போவுது?" என்பார். பானெட்டைத் திறக்க வேண்டும், இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளே ஓரமாக இருக்கும் கருப்புப் பெட்டிதான் இன்ஜினின் முகம் என்று அவராகவே முடிவு செய்து, அதற்கு மூன்று பட்டை விபூதி, நடுவில் குங்குமம். பெட்டியிலிருந்து முன்பக்கம் நீளும் குழாய்க்கு ஒரு வாய் இருக்கிறது. முதல் பூஜையன்று அந்த வாய்க்குப் பக்கத்தில் உள்ளங்கையில் விபூதியை ஏந்தியபோது, அது சர்ரென்று உள்ளே போய்விட்டது.

"பாரும்மா, சாமி வாங்கிக்கிறாரு!" என்றார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு. அதிலிருந்து மாதாமாதம் ஒரு கை விபூதி, பிறகு அரளியும் சாமந்தியும் உதிர்த்து ஒரு கை. எல்லாவற்றையும் வண்டி வாங்கிக்கொண்டது. நானும் பக்கத்தில் நின்று கன்னத்தில் போட்டுக்கொள்வேன்.

மலையில் நின்றுபோனதற்கு மறுநாள் திருத்தணியில் சடகோபன் என்பவரின் பட்டறைக்குக் கொண்டுபோனோம். பானெட்டைத் திறந்ததும் அவர் கண்ணில் முதலில் பட்டது அந்தக் கருப்புப் பெட்டி. மூன்று பட்டையையும் குங்குமத்தையும் பார்த்தார். எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துவிட்டு, பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதன் பிறகு பெட்டிப் பக்கமே கை போகவில்லை. சாமி இருக்கும் இடத்தில் ஸ்பேனர் வைக்க அவருக்கு மனம் வரவில்லை போலிருக்கிறது. மற்ற எல்லா இடத்தையும் தட்டினார், உருட்டினார். கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தார்.

"டர்போ போயிருக்கும்ங்க. இன்ஜின எறக்கிப் பாக்கணும். இதுக்குச் செலவு பண்றதுக்குப் பேசாம தள்ளி உட்டுடலாம்."

"விக்க வேணாங்க, செஞ்சுடலாம்" என்றேன் கணவரிடம்.

"செஞ்சா மட்டும்? மறுபடியும் நீதானே ஓட்டப்போற" என்றார்.

அதற்கு மேல் அவரிடம் பேச எனக்குப் பிடிக்கவில்லை. பள்ளிப்பட்டிலிருந்து பரணிதரன் என்ற புரோக்கர் வந்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார், டயரை உதைத்தார். "டீசல் வண்டின்னாலே இப்ப எவனும் திரும்பிப் பாக்கறதில்லீங்க" என்று உச்சுக்கொட்டினார். பழைய இரும்புக்குக் கேட்பது மாதிரி ஒரு விலை கேட்டார். என் கணவர் தலையாட்டிவிட்டார். வெள்ளிக்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போவதாகப் பேச்சு.

வியாழக்கிழமை காலையில் வண்டியைக் கழுவினேன். போகிற வண்டியை எதற்குக் கழுவுகிறாய் என்று யாராவது கேட்டிருந்தால் அழுதிருப்பேன். நல்லவேளை, கணவர் வேலைக்குப் போயிருந்தார், மாமியார் நிலத்துக்குக் கடலைச்செடி பார்க்கப் போயிருந்தார். பானெட்டைத் திறந்து உள்ளே துணி போட்டுத் துடைக்கும்போது, அந்தக் குழாயின் வாயில் ஒரு சாமந்தி இதழ் ஒட்டிக்கொண்டிருந்தது. எடுத்தேன். பின்னால் இன்னொன்று. அதற்குப் பின்னால் பூ தொடுத்த வாழைநார் ஒரு சாண் நீளத்துக்கு வந்தது.

கருப்புப் பெட்டிக்கு ஓரங்களில் கிளிப்புகள் இருந்தன. நானும் முதலில் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பிறகு திறந்தேன்.

காற்றை வடிகட்டும் ஃபில்டர் அதற்குள்தான் இருக்கிறது. அதன் மடிப்பு ஒன்றுகூடத் தெரியவில்லை. ஈரத்தில் ஊறிக் காய்ந்த கோலமாவு போல விபூதி அப்பிக் கெட்டியாகியிருந்தது. அதன்மேல் கருகிய அரளி. மூக்கைப் பொத்திவிட்டு மலையேறச் சொன்னால் யார்தான் ஏறுவார்கள்? முதலில் சிரிப்பு வந்தது, தனியாக நின்று வாய்விட்டுச் சிரித்தேன். அடுத்தாற்போலக் கோபம் வந்தது. இத்தனை மாதமாக என் காலை அல்லவா ஏசிக்கொண்டிருந்தார்கள்!

விபூதியைச் சுரண்டி எடுத்துவிட்டேன். குப்பையில் போட மனம் வரவில்லை. ஒரு பிளாஸ்டிக் கவரில் கட்டினேன், இதழும் நாருமாக. சாட்சிக்கும் ஆகும். ஃபில்டரைத் தட்டி உதறி மாட்டி, மெதுவாக உருட்டிக்கொண்டு திருத்தணி ஸ்பேர்ஸ் கடைக்குப் போய்ப் புதிய ஃபில்டர் வாங்கி மாட்டினேன். ஒரு நூல் புடவை விலைகூட ஆகவில்லை. திரும்பி வரும்போது ஒரு லாரியையும் ஒரு பஸ்ஸையும் முந்தினேன். கண்ணாடியில் பார்த்தேன், புகை இல்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என் கணவரிடம் பேச வேண்டியதை மனதுக்குள் அடுக்கிக்கொண்டு வந்தேன். கவரை மேசைமேல் வைத்து, "இதுதாங்க உங்க டர்போ" என்று சொல்ல வேண்டும். அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். கண்டிகை திரும்பும் இடத்தில்தான் கிரைண்டர் ஞாபகம் வந்தது.

போன வருடம் புதுக் கிரைண்டர் வாங்கினோம். அதன்மேல் ஏற்றிய கற்பூரம் காற்றில் அணைந்துவிட்டது. சாமி ஏற்றுக்கொள்ளாத பொருள் வீட்டில் இருக்கக் கூடாது என்று, ஒரு பிடி அரிசிகூட அரைக்காமல் கடைக்கே திருப்பி அனுப்பியவர் என் மாமியார். கற்பூரம் அணைந்ததற்கே அப்படி. விபூதியை வாங்கித் தொண்டையில் அடைத்துக்கொண்டு நின்ற வண்டியை வைத்திருப்பாரா? சொன்னால் என் பெயர் சுத்தமாகும், வண்டி போய்விடும். சொல்லாவிட்டால் வண்டி நிற்கும், பழி என் காலோடு நிற்கும். நான் அம்மையார்குப்பத்துக்குப் போக வேண்டியது வண்டியில்தான், நல்ல பெயரில் இல்லை. கவரை டேஷ்போர்டுக்குள் வைத்து மூடினேன்.

மாமியார் வாசலில் நின்றிருந்தார். "சத்தம் வேற மாரி கீது?" என்றார்.

"ஆங் அத்த. இன்னிக்கு இழுக்குது. நாளைக்கு வண்டி போவப்போவுது, கடைசியா ஒரு தபா மலைக்குப் போயிட்டு வரலாமா?"

அவர் பூஜைப் பையை எடுத்துக்கொண்டு வந்து ஏறினார்.

முதல் வளைவு, இரண்டாவது வளைவு. போன தடவை நின்ற இடத்தில் வண்டி கொஞ்சம்கூடத் திணறவில்லை. மாமியார் கையெடுத்துக் கும்பிட்டார். "பாத்தியா, அவன் சோதிப்பான், கைவிட மாட்டான்." கற்பூரம் ஏற்றத் தீப்பெட்டி வேண்டும் என்று டேஷ்போர்டைத் திறந்தார். கவர் மடியில் விழுந்தது.

நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன். வளைவில் திரும்பும்போது ஓரக்கண்ணால் பார்த்தேன். அவர் முடிச்சை அவிழ்த்திருந்தார். விபூதிக் கட்டியை விரலால் நசுக்கிப் பார்த்தார், முகர்ந்தார். வாழைநாரை வெளியே இழுத்தார். அவர் பூ தொடுத்தால் நாரின் முனையில் இரட்டை முடிச்சுப் போடுவார், அது அப்படியே இருந்தது. திரும்பி என் முகத்தைப் பார்த்தார். பிறகு கவரை மறுபடி கட்டித் தன் பூஜைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

மேலே போய் நிறுத்தியதும் வழக்கம்போல பானெட்டைத் திறக்கக் கையைக் கொண்டுபோனேன்.

"வேணாம்" என்றார். "இன்ஜின நிறுத்து."

நிறுத்தினேன். மூடிய பானெட்டின்மேல் மூன்று பட்டை இழுத்தார். விரலில் மிச்சமிருந்ததை என் நெற்றியில் வைத்தார். அந்தக் கணத்தில் எனக்கு அவர்மேல் அன்பே வந்துவிட்டது. நாளைக்கு மகனிடம் சொல்லிவிடுவார் என்று நம்பினேன். வீட்டுக்கு வந்ததும் கவரை எடுத்துப்போய்க் கால்படாத இடமாகப் பார்த்து, தென்னை மரத்தடியில் கொட்டி மண்ணை மூடினார்.

வெள்ளிக்கிழமை பரணிதரன் ஓர் ஆளையும் கூட்டிக்கொண்டு வந்தார். அன்று என் கணவருக்கு விடுமுறை. சாவி எங்கே என்று அவர் தேடுவதற்குள் மாமியார் வாசலுக்கு வந்துவிட்டார். சாவி அவர் முந்தானை முடிச்சில் இருந்தது.

"வண்டி விக்கல" என்றார்.

"இன்னாம்மா இது? பேசி முடிச்சாச்சு. இழுக்காத வண்டிய வெச்சுகினு இன்னா பண்றது?" என்றார் என் கணவர்.

"யார்ரா சொன்னது இழுக்காதுன்னு? நேத்து மலைமேல போயிட்டு வந்தோம். முருகன் சரி பண்ணிட்டான். அவன் சரி பண்ணத வெளிய தள்ளக் கூடாது."

என் கணவர் சந்தேகத்தோடு வண்டியைக் கிளப்பி, தெருமுனை வரை போய்விட்டு வந்தார். இறங்கும்போது முகத்தில் ஈயாடவில்லை. பரணிதரன் விடுகிற ஆளா? "அப்போ வண்டியில கோளாறே இல்லியா? ஓட்டறவங்கதான் சரியில்லியா?" என்று சிரித்தார்.

இப்போதாவது சொல்வார் என்று நான் மாமியாரைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். நேராகத்தான் பார்த்தார்.

"ஆங். அவளுக்குக் காலு கொஞ்சம் பலம்" என்றார். "இனிமே பாத்து ஓட்டுவா. இன்னாம்மா?"

வாய் வரை வந்தது. தென்னை மரத்தடி பத்தடி தூரத்தில்தான் இருந்தது, ஒரு குச்சியால் கிளறினால் போதும். அவர் முந்தானை முடிச்சை அவிழ்த்து, மகன் நீட்டிய கையைத் தாண்டி, சாவியை என் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தார்.

"பாத்து ஓட்டறேன் அத்த" என்றேன். சாவியை வாங்கிக்கொண்டேன்.

அப்போதே கிளம்பிவிட்டேன். அம்மையார்குப்பம் போய்ச் சேரும்வரை எனக்குக் கோபம் ஆறவில்லை. வண்டி நன்றாக இழுத்தது.