பண்ணையார் கோப்பை

தென்காசியில் பண்ணையார் சிவனணைந்தபெருமாள் கல்லூரி தொடங்கியது ஊர்ப் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்பதற்காக அல்ல, அவர் மகன் நயினாரை வேறு எந்தக் கல்லூரியும் சேர்த்துக்கொள்ளவில்லை என்பதற்காக. ஊரில் அப்படித்தான் பேச்சு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழில் அந்த இன்டர்மீடியட் கல்லூரியில் நூற்றுப்பத்துப் பேர் படித்தார்கள். அதில் பதினொரு பேர் கால்பந்து ஆடினார்கள். ஆடினார்கள் என்பது சும்மா ஒரு பேச்சுக்கு.

கோல்கீப்பர் சுடலைக்கண்ணுவுக்கு மற்றப் பத்துப் பேர் மீதும் மரியாதை கிடையாது. வாசுதேவநல்லூர் ஏட்டு மகன் அவன். நெட்டையான ஆள், நீளக் கை, குறைந்த பேச்சு. பேசவேண்டியதையெல்லாம் மூக்கைச் சுளித்தே முடித்துவிடுவான். கோல் கம்பங்களுக்கு நடுவே நின்றுகொண்டு, முன்னால் நடப்பதை, சந்தையில் பல் விழுந்த மாட்டை விலைக்குக் காட்டினால் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருப்பான்.

நயினார்தான் கேப்டன். பந்து அவனுடையது, மதராஸிலிருந்து வரவழைத்தது. கோபம் வந்தால் பந்தை வில்வண்டியில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவான், அன்றைக்கு ஆட்டம் அவ்வளவுதான். அவன் பந்தைத் தேடி ஓடுகிற ஜாதி இல்லை. பந்துதான் அவன் காலைத் தேடி வரவேண்டும். மழையில் ஆடி முடித்துப் பத்துப் பேரும் சேற்றெருமைகளாக நிற்கும்போது, நயினாரின் வெள்ளைக் கால்சட்டை மட்டும் வண்ணான் அப்போதுதான் கொண்டுவந்து கொடுத்தது போல் இருக்கும். பாதிப் பேர் அவன் பின்னால் "நல்ல அடி நயினாரு, நல்ல அடி" என்று சொல்லிக்கொண்டே ஓடுவார்கள். அவன் அடிக்காதபோதும் சொல்வார்கள்.

அந்த வருஷம் ஆட்டம் ஜூலையில் தொடங்கியது. திருநெல்வேலியில் ஏழு கோல் வாங்கினார்கள். செங்கோட்டை ரயில்வே ஆட்களிடம் ஆறு. வீரகேரளம்புதூர்ப் பையன்கள் சும்மா பொழுதுபோகாமல் ஆட வந்தவர்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஐந்து போட்டார்கள். புளியங்குடி எலுமிச்சை மண்டிக்காரர்களும் ஐந்து. மண்டியில் மூட்டை தூக்குகிற ஒருவன் ஐந்தாவது கோலைப் போட்டுவிட்டு, சுடலைக்கண்ணுவைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டு, "உன்னியச் சொல்லிக் குத்தமில்ல தம்பி, முன்னால நிக்கிறவனுவளுக்குக் கால் இருக்கான்னு பாரு" என்று ஆறுதல் சொன்னான். அந்த ஆறுதல் ஐந்து கோலைவிட வலித்தது. நயினாரோ ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும், "கோல்கீப்பர் சரியில்லப்பா" என்பான். மற்றவர்கள் தலையாட்டுவார்கள்.

ஆகஸ்டில் பண்ணையாருக்கு ஒரு யோசனை பிறந்தது. சாரலுக்குக் குற்றாலம் வந்து தங்கியிருந்தார் சப் கலெக்டர் துரை. பண்ணையாருக்கோ வெள்ளைக்காரச் சர்க்கார் கொடுக்கும் ராவ்சாகிப் பட்டத்தின் மேல் ஐந்து வருஷமாக ஒரு கண். துரைக்குக் கால்பந்து என்றால் உயிர் என்று கேள்விப்பட்டதும், 'பண்ணையார் கோப்பை' என்று வெள்ளியில் ஒன்று செய்து, பாளையங்கோட்டையிலிருந்து ஒரு கல்லூரி அணியை ஆட அழைத்தார். கோப்பையைத் துரை கையால் தன் மகன் வாங்கவேண்டும். நாலு ஆட்டத்தில் இருபத்துமூன்று கோல் வாங்கிய அணி எப்படி ஜெயிக்கும் என்று கேட்கப் பிரின்ஸிபாலுக்கு வாய் வரவில்லை. பண்ணையாரே சொன்னார்.

"அவனுவ ஓடுனாத்தானவே நம்மளத் தோக்கடிப்பானுவ? ஓடாம நான் பாத்துக்கிடுதேன்."

ஆட்டத்தன்று காலை பாளையங்கோட்டைப் பிள்ளைகள் ரயிலிறங்கி வண்டியில் குற்றாலம் வந்ததும், ஆளுக்கொரு எண்ணெய் தேய்ப்பவன் காத்திருந்தான். உச்சி முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெயை அறைந்து தேய்த்தார்கள். பிறகு பேரருவியில் ஒரு மணி நேரம். அருவியில் குளித்துவிட்டு வந்தவன் பசி எப்படி என்று எல்லாருக்கும் தெரியும். பண்ணையாரின் பங்களாவில் இலை போட்டாயிற்று. தேங்காய்ப்பால் வழிய வழியச் சொதி, உருளைக்கிழங்கு, அவியல், அப்பளம், இரண்டு பாயசம். பாவம், பிள்ளைகள் வெட்டு வெட்டென்று வெட்டினார்கள்.

உள்ளூர் அணி சாப்பிடக் கூடாது என்பது உத்தரவு. ஆனால் சொதி வாசனை உத்தரவுக்குக் கட்டுப்படுமா? நயினாரே முதல் ஆளாக உட்கார்ந்தான். "கேப்டனே உக்காந்தாச்சு" என்று மற்ற ஒன்பது பேரும் உட்கார்ந்தார்கள். சுடலைக்கண்ணு கடைசி இலையில் உட்கார்ந்து, ரசம் மட்டும் ஊற்றச் சொன்னான்.

சொதி வைத்தால் இஞ்சிப் பச்சடி வைக்காமல் இருக்கமாட்டார்கள். அது இல்லாவிட்டால் சொதி வயிற்றில் கல்லாக உட்கார்ந்துகொள்ளும். இலையில் அதைக் காணாமல், பரிமாறிக்கொண்டிருந்த சமையல்காரி ஆவுடைத்தாயிடம் சுடலைக்கண்ணு கேட்டான்.

"இஞ்சிப் பச்சடி எங்க ஆச்சி?"

அவள் குனிந்து, "வைக்கக் கூடாதுன்னு முதலாளி சொல்லிட்டாரு. நான் சமைக்க வந்த நாளா இப்படி ஒரு அக்கிரமத்தப் பாத்ததில்ல ராசா" என்றாள்.

சுடலைக்கண்ணு ரசச்சோற்றோடு எழுந்துவிட்டான். ஏமாற்றுவது அவனுக்குப் புதிதல்ல, ஏட்டு மகன். ஏமாற்றுவதிலும் இவ்வளவு கேவலமாக, ஒரு பச்சடியில் கை வைத்து ஏமாற்றுகிறார்களே என்பதுதான் அவனுக்குப் புதிது.

நாலு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. சாரல் தூறிக்கொண்டிருந்தது. அருவிக்குப் போகும் பாதைக்குப் பக்கத்து மைதானத்தில் மூங்கில் கம்பங்கள், குறுக்கே கயிறு, வலை கிடையாது. பந்தலில் துரையும் பண்ணையாரும். நடுவராக விசில் வைத்திருந்தவர் கல்லூரியின் டிரில் வாத்தியார் இசக்கியப்பன். பட்டாளத்தில் மெசபடோமியா வரை போய்வந்தவர் என்று மார்தட்டிக்கொள்வார். பண்ணையார் இருமினால்கூட விறைத்து நிற்பார்.

இருபத்திரண்டு பேர் மைதானத்தில். அதில் இருபது பேர் கர்ப்பிணிகள் போல் நடந்தார்கள். பந்து உருண்டு போய் நிற்கும். இரண்டு பக்கத்திலிருந்தும் ஆள் வந்து சேர்வதற்குள் அதன் மேல் ஈரம் முத்து முத்தாகக் கட்டிவிடும். ஒருவன் ஓரமாகப் போய் வாந்தி எடுத்துவிட்டு வந்தான். முதல் பாதியில் பாளையங்கோட்டைக்காரன் ஒருவன் தன் கீப்பருக்கே பந்தைத் தள்ளிவிட, அது சேற்றில் வழுக்கி அவர்கள் கோலுக்குள்ளேயே போய்விட்டது. இருபது கஜம் தள்ளி நின்ற நயினார் இரண்டு கையையும் தூக்கினான். பாதிப் பேர் அவனைக் கட்டிக்கொண்டார்கள். பந்தலில் பண்ணையார் எழுந்து நின்று கும்பிட்டார்.

ஆட்டம் முடிய ஐந்து நிமிஷம் இருந்தது. எதிரணியில் ஒரு ஒல்லிப் பையன். அன்று கிருத்திகை விரதம், விருந்தில் கையே நனைக்காதவன். அவன் ஒருவன்தான் அன்று முழுக்க ஓடியவன். தனியாகப் பந்தை உருட்டிக்கொண்டு வந்து தூரத்திலிருந்தே ஓங்கி அடித்தான். சுடலைக்கண்ணு பாய்ந்து பிடித்தான். நல்ல பிடி. ஆனால் அடியின் வேகத்தில் கால் வழுக்கி, பந்தோடு கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு முழம் உள்ளே போய் விழுந்தான்.

பத்தடி தூரத்தில் நின்ற இசக்கியப்பன் விசிலை வாய்க்குக் கொண்டுபோனார். பந்தலைப் பார்த்தார். விசிலைக் கீழே இறக்கினார். "கோல் இல்ல! ஆடுங்க!"

ஒல்லிப் பையன் கத்திக்கொண்டு ஓடிவந்தான். அவனுடைய கேப்டன், வயிற்றைப் பிடித்துக்கொண்டே, அவன் தோளில் கை போட்டு இழுத்தான். "விடுடே. நமக்குச் சோறு போட்டவங்க, ஜெயிச்சுட்டுத்தான் போகட்டுமே. பிச்சைன்னு நெனச்சுக்க." சொல்லிவிட்டுச் சுடலைக்கண்ணுவை ஒரு பார்வை பார்த்தான்.

அந்தப் பார்வை சுடலைக்கண்ணுவுக்குத் தெரிந்த பார்வை. அவன் இத்தனை நாளும் நயினாரைப் பார்த்த பார்வை அது. இன்றைக்கு ஒருவன் அதை அவன் முகத்திலேயே வைத்துவிட்டான்.

நடுவிலிருந்து நயினார் கத்தினான்: "ஏலே, என்னத்தப் பாக்க? வாயப் பொத்திக்கிட்டு பந்தத் தூக்கி அடிலே!"

சுடலைக்கண்ணு அடிக்கவில்லை. பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தான். தன் ஆட்களைத் தாண்டி, நயினாரைத் தாண்டி, மைதானத்தின் நடுப்புள்ளியில் பந்தை வைத்தான்.

"கோல்தான் சார்" என்றான் வாத்தியாரிடம். "ஒரு முழம் உள்ள கெடந்தேன். நீங்களும் பாத்தீங்க."

நேர்மை, உண்மை என்று யாராவது அப்போது சொல்லியிருந்தால் அவனே சிரித்திருப்பான். அதெல்லாம் ஒன்றுமில்லை. இந்தக் கூட்டத்தோடு ஒருவனாக அந்தக் கண்ணில் நிற்க அவனால் முடியவில்லை, அவ்வளவுதான். வாத்தியார் விசிலை ஊதினார். ஊதின சத்தம் பாதியிலேயே உடைந்தது.

பாளையங்கோட்டைக்காரர்களுக்கு எங்கிருந்தோ உயிர் வந்தது. மூன்றாவது நிமிஷம் இன்னொரு கோல் விழுந்தது. சுடலைக்கண்ணுவின் முன்னால் நின்றிருக்கவேண்டிய இரண்டு பேரும் அப்போது இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஆட்டம் முடிந்ததும் பண்ணையார் பந்தலிலிருந்து இறங்கி நேரே அவனிடம் வந்தார். முகத்தில் சிரிப்பு இருந்தது, துரை பார்த்துக்கொண்டிருந்தாரே. பல்லுக்கிடையில் சொன்னார்: "நாளைக்கு விடியதுக்குள்ள ஹாஸ்டல விட்டு மூட்டையக் கட்டுலே நாயே."

அதற்குள் துரையே இறங்கி வந்துவிட்டார். இருபது வருஷத்தில் இப்படி ஒரு ஆட்டக்காரனைக் கண்டதில்லை என்று சுடலைக்கண்ணுவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு பண்ணையாரைக் கேட்டார்: பையன் பந்தோடு நின்றபோது கேப்டன் ஏதோ உரக்கச் சொன்னானே, என்ன சொன்னான்?

பண்ணையார் ஒரு கணம்கூடத் தடுமாறவில்லை. "தோற்றாலும் பரவாயில்லை, உண்மையைச் சொல் என்று சொன்னான், துரை" என்றார்.

துரைக்குக் கண் கலங்கிவிட்டது. கோப்பை பாளையங்கோட்டைக்குப் போயிற்று. ஆனால் துரை தன் சட்டைப் பையிலிருந்த வெள்ளிப் பென்சிலை எடுத்து நயினாருக்குக் கொடுத்தார். அதை அவன் குனிந்து வாங்கினான். இசக்கியப்பன்தான் முதலில் கை தட்டினார்.

கூட்டம் கலையும்போது பண்ணையார் சுடலைக்கண்ணுவின் முதுகில் தட்டினார். "மூட்டையெல்லாம் ஒண்ணும் கட்டாண்டாம். இங்கனயே படி. நடந்தத மட்டும் யார்ட்டயும் பேசாத, என்னா?"

அவன் மூட்டை கட்டவில்லை. இரவெல்லாம் ஹாஸ்டல் கட்டிலில் படுத்து, தன்னைத்தானே பழித்துக்கொண்டு, காலையில் எழுந்து வகுப்புக்குப் போனான். பந்தாட்டத்துக்கு மட்டும் அதன்பிறகு போகவில்லை. போகாததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை, சீசன்தான் முடிந்துவிட்டதே.

தை பிறக்குமுன் பண்ணையார் ராவ்சாகிப் ஆனார். கல்லூரி ஆண்டு மலருக்குக் கேப்டன் ஒரு கட்டுரை எழுதவேண்டும் என்று பிரின்ஸிபால் கேட்டுக்கொண்டார். நயினார் இங்கிலீஷில் ஒன்றரைப் பக்கம் எழுதி, சுடலைக்கண்ணுவின் அறைக்கு எடுத்துக்கொண்டு வந்தான்.

"ஏலே, நீ இங்கிலீஷ்ல கெட்டிக்காரம்லா. தப்புத்தண்டா இருந்தாத் திருத்திக் குடு."

சுடலைக்கண்ணு வாங்கிப் படித்தான். "நான் எங்கள் கோல்கீப்பரைப் பார்த்து, உண்மையைச் சொல் என்று உரக்கக் கூறினேன்" என்று நடுவில் இருந்தது. தலையைத் தூக்கி நயினாரைப் பார்த்தான். நயினாரின் முகத்தில் கள்ளம் எதுவும் இல்லை. நிஜமாகவே அப்படித்தான் சொன்னதாக அவன் இப்போது நம்பிக்கொண்டிருந்தான்.

"நீ அப்படியா சொன்ன?" என்று கேட்டான் சுடலைக்கண்ணு.

"பின்னே? ஒனக்குக் கேக்கலையா? அருவிச் சத்தத்துல கேட்டிருக்காது."

பக்கத்துக்கு ஏழெட்டுப் பிழைகள். சுடலைக்கண்ணு பேனாவை எடுத்து ஒவ்வொன்றாகத் திருத்தினான். அந்த வாக்கியத்துக்கு வந்தபோது பேனா கொஞ்ச நேரம் நின்றது. இலக்கணத்தில் அதில் ஒரு பிழையும் இல்லை. அப்படியே விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனான்.