கடைசி வரிப் பெயர்

பதினேழாயிரத்து அறுநூறு. சுவரொட்டி ஒட்டும் பசைக்காரருக்கு அவர் தம்பி தர வேண்டிய பாக்கி அது. அடகில் கிடந்த கிட்டாரை மீட்க வாங்கிப் போனது. பசைக்காரரின் மனைவி வட்டி கேட்டதில்லை, ஆனால் அந்தத் தொகையைச் சொல்லிக் காட்டாமல் ஒரு வாரத்தையும் விட்டதில்லை.

"உங்க தம்பி கிட்டாரு அவரு வீட்டுல நிம்மதியாத் தூங்குது. எனக்குத்தான் தூக்கம் வரல" என்பாள்.

சரக்கு இறக்கி முதுகு போனபின் தம்பிக்கு மிஞ்சியது குரல் ஒன்றுதான். உடைந்த, கரகரத்த குரல். அதனாலேயே பாட்டுக்காரர்கள் நடுவில் அவனுக்குக் கரகரப்பு என்று பெயர். நாட்டுப்புறப் பாட்டும் ப்ளூஸ் என்கிற மேல்நாட்டுச் சோகப் பாட்டும் பாடுகிற ஒரு குழு அடுத்த மாதம் ஐந்து ஊர் சுற்றப்போவதாக இருந்தது. முதல் ஊர் இதுதான். இங்கே முதல் அரைமணி நேரம் தம்பிக்கு. கூட்டம் நன்றாக வந்தால் மற்ற நான்கு ஊருக்கும் அவனைக் கூட்டிப்போவதாக ஏற்பாட்டாளர் சொல்லியிருந்தார்.

"நாலு ஊரு பாடிட்டேன்னா உன் கடன் தீர்ந்துடும்ணா" என்றான் தம்பி. "இது போச்சுன்னா எனக்கு இனி மேடை இல்ல."

சுவரொட்டிக் கட்டு அச்சகத்திலிருந்து வந்தது. ஐந்து ஊருக்கும் ஒரே சுவரொட்டி. ஊரும் மண்டபமும் தேதியும் தனியாக நீளப் பட்டையில் அச்சாகி வரும். சுவரொட்டி ஒட்டுகிறவர்தான் பட்டையை அதன் மேலேயே ஒட்ட வேண்டும். படத்தை மறைக்கக் கூடாது, பெரிய பெயர்களை மறைக்கக் கூடாது. ஆக, பட்டை எப்போதும் கடைசி வரியின் மேல்தான் போகும். இத்தனை வருஷமாக எத்தனையோ பேரை அப்படி மூடியவர்தான் பசைக்காரர். யாரை மூடினோம் என்று அவருக்குத் தெரியாது. எழுத்துக் கூட்டிப் படிக்க அவர் கற்றுக்கொண்டதே போன வருஷம்தான்.

இப்போது ஏணியில் நின்றபடி விரலை வைத்து மெல்லப் படித்தார். கடைசி வரியில், எறும்பு ஊர்ந்த மாதிரி, கரகரப்பு.

"பட்டைய ஒட்டுய்யா, கை வலிக்குது" என்றான் கீழே ஏணியைப் பிடித்திருந்த கூட்டாளி.

"கடைசி வரியில என் தம்பி இருக்கான்."

"இருந்தா என்ன, மூச்சா முட்டப்போவுது?"

"கீழ வெறும் சுவத்துல ஒட்டிடலாம்."

"காரை உதிர்ற சுவரு. பிடிக்காது."

"பசையைக் கெட்டியாக் கலக்கிட்டாப் போச்சு."

அப்படியே கலக்கினார். ஊர் முழுக்க, பழைய சுவரொட்டிகளின் மேல் புதுச் சுவரொட்டியையும், அதற்குக் கீழே வெறும் காரைச் சுவரில் பட்டையையும் ஒட்டினார். வீட்டுக்கு வந்து, "உன் கொழுந்தன் பேரு ஊரெல்லாம் பளிச்சுனு தெரியுது" என்று மனைவியிடம் சொன்னார். அன்று அவள் பாக்கியைப் பற்றிப் பேசவில்லை.

அதற்கப்புறம் ஒரு மழை பெய்தது. பிறகு வெயில் காய்ந்தது.

கச்சேரியன்று பசைக்காரரும் மனைவியும் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். பின்னால் நாற்காலிகள் மட்டும் இருந்தன. வராத வண்டிக்குக் காத்திருக்கும் ஒருவனைப் பற்றித் தம்பி பாடினான். நன்றாகத்தான் பாடினான். பாட்டு முடிந்து மனைவி கை தட்டியது மண்டபத்தில் தனியாகக் கேட்டது. ஏற்பாட்டாளர் கதவோரம் நின்று கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தம்பியை ஓரமாக அழைத்தார்.

"சொந்த ஊருலயே ஆள் வரலியே. வேற ஊருல யாரு வருவா, சொல்லுங்க?"

தம்பி மேடைக்குத் திரும்பினான். கிட்டாரைப் பைக்குள் வைத்து மூடினான்.

மறுநாள் காலை முடி வெட்டுகிறவர் கடை வாசலிலிருந்து பசைக்காரரைக் கூப்பிட்டார். "உங்க தம்பி பேரைத் தினம் பாக்குறேன். கச்சேரி என்னைக்குன்னுதான் ஒரு இடத்துலயும் காணோம். எப்பங்க?"

பசைக்காரர் எதிர்ச்சுவரைப் பார்த்தார். சுவரொட்டி இருந்தது. பட்டை இல்லை. அது காரையோடு உரிந்து சாக்கடையில் சுருண்டு கிடந்தது. அடுத்த தெருவுக்குப் போனார், அதற்கடுத்ததற்கும் போனார். எங்கும் அதே கதைதான். படிக்கத் தெரியாத காலத்தில் இந்தத் தப்பு நடந்திருக்காது.

மத்தியானம் அவர் சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்த இடத்துக்குத் தம்பி வந்தான். மடித்த நோட்டுகள் சிலவற்றை நீட்டினான். "நேத்துக் கெடச்சது. மீதிக்குக் கிட்டாரை வித்துடுறேன். என் பாட்டுதான் யாருக்கும் வேண்டாமே."

அவர் நோட்டை வாங்கவில்லை. சுரண்டியைக் கீழே வைத்துவிட்டு, பட்டை எங்கே ஒட்ட வேண்டியது, தான் ஒட்டியது எங்கே, அது எங்கே போயிற்று என்று எல்லாவற்றையும் சொன்னார்.

தம்பி இன்னும் சுரண்டாத சுவரொட்டியின் கடைசி வரியைத் தடவிப் பார்த்தான்.

"பேரு நல்லாத்தான் தெரியுது" என்றான்.

"அது மட்டும்தான் தெரியுது."

"மத்த நாலு ஊருல?"

"அங்க ஒட்டுறது வேற ஆளு. பட்டை உன் பேரு மேலதான் இருக்கும்."

"அப்ப அங்க கூட்டம் வரும்." சிரிக்கப் பார்த்தான், இருமலாகிவிட்டது.

பசைக்காரர் கையில் காய்ந்திருந்த பசையை உரித்தார். "அந்தப் பாக்கியை விட்டுடு. ஒரு பைசா வேண்டாம். கிட்டாரை விக்காத."

"அண்ணி?"

"அவகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

தம்பி நோட்டுகளை மறுபடியும் மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். "சரி" என்றான். இல்லண்ணா, தந்துடுறேன் என்று ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை.