நாற்பது பெயரும் ஒரே மூச்சில்

புனே சாங்வியில் கிருஷ்ணப்ரியா குடியிருந்த அடுக்குமாடி சொசைட்டியில் வருஷா வருஷம் ஜனவரி கடைசி ஞாயிறு காலையில் ஐந்து கிலோமீட்டர் ஓட்டம் நடக்கும். ஓடி முடித்தவர்களுக்குச் சான்றிதழ் மார்ச் மாதம் வரும், அதுவும் பாதிப் பேருக்குப் பெயரில் பிழையோடு. இந்தத் தடவையாவது அன்றைக்கே கையில் கொடுத்துவிட வேண்டும் என்று, எல்லோரும் சித்தப்பா என்ற அர்த்தத்தில் மராத்தியில் 'காக்கா' என்று கூப்பிடும் செயலாளர் ஜோஷி காக்கா கூட்டத்தில் சொல்லி வாயை மூடுவதற்குள் கிருஷ்ணப்ரியா கையைத் தூக்கிவிட்டாள். அவள் ஹிஞ்சவடியில் ஒரு கம்பெனியில் மென்பொருள் எழுதுகிறவள். கையை இறக்கிய பிறகுதான், மிச்சம் இருப்பது பன்னிரண்டே நாள் என்பது உறைத்தது.

லேப்டாப்பில் ஓடும் ஒரு சின்ன மென்பொருளை எழுதினாள். முடிவுக் கோட்டைத் தாண்டுகிறவரின் சட்டையில் குத்தியிருக்கும் எண்ணை அடித்து, 'முடித்தார்' என்ற பொத்தானை அழுத்தினால் போதும். கோட்டருகே வைத்த கேமரா எடுத்த அந்த நொடிப் படமும், பெயரும் பிரிவும் இடமும் நேரமும் சேர்ந்து சான்றிதழாக அச்சாகும். கூடவே ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் மராத்தியில் 'அபிநந்தன்' என்று பெயரைச் சொல்லி வாழ்த்தும்.

எண்களை அடிக்க அவளுடைய மாமியார் சந்திரிகா முன்வந்தார். கோயம்புத்தூர் மின்வாரிய ஆபீஸில் முப்பத்தொரு வருஷம் டைப்பிஸ்ட்டாக இருந்தவர். புனே வந்து நாலு மாதமாகியும் ஹிந்தி, விலை கேட்கும் 'கித்னா'வைத் தாண்டவில்லை. எண்களை அடிக்க ஹிந்தி எதற்கு?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டில் ஒத்திகை பார்த்தார்கள். சந்திரிகா ஒரு எண்ணை அடித்துப் பொத்தானை அழுத்தினார். திரையில் மென்பொருளின் ஜன்னல் வெளுத்து, அப்படியே உறைந்து நின்றது. அடுத்த எண்ணை அடித்தார், ஏறவில்லை. ஒன்பது நொடி கழித்து ஒரு சான்றிதழ் மெதுவாக வெளியே வந்தது.

"என்னம்மிணி, ஒரு பேருக்கு இத்தனை நேரமா? இதுக்குள்ள நான் ஒரு லெட்டரே அடிச்சுப் போட்டிருப்பனே!"

"கவுன்ட்டர்ல உக்காந்திருக்கற ஆளே உள்ள போய் ஃபைலும் எடுத்துட்டு வர்ற மாதிரிங்கத்தை இது. அவரு திரும்பி வர்ற வரைக்கும் வெளிய நிக்கறவங்களுக்குப் பதில் சொல்ல ஆளில்லை."

"அப்ப உள்ளுக்கு வேற ஆளைப் போடு."

"அதைத்தானுங்க பண்ணப் போறேன்."

பண்ணினாள். பொத்தானை அழுத்தும் ஒவ்வொரு தடவையும் சான்றிதழ் வேலையும் குரல் வேலையும் பின்னணிக்குப் போய்விடும். ஜன்னல் அடுத்த எண்ணுக்குத் தயாராக இருக்கும். சனிக்கிழமை ஒத்திகையில் நிதானமாக ஐந்து பெயர் போட்டுப் பார்த்தார்கள். வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போயிற்று. சந்திரிகா மருமகளின் கன்னத்தைக் கிள்ளினார்.

கிருஷ்ணப்ரியா இரண்டு விஷயத்தைக் கவனிக்கவில்லை. பின்னணியில் ஒரே நேரத்தில் எத்தனை வேலை ஓடலாம் என்று அவள் வரம்பு வைக்கவில்லை. அத்தனை வேலைகளுக்கும் பெயரும் படமும் குறித்துக்கொள்ள, கணினியின் நினைவகத்தில் ஒரே ஒரு துண்டுச் சீட்டைத்தான் கொடுத்திருந்தாள்.

ஞாயிறு காலை ஏழு மணிக்குக் குளிர் விலகாத வெளிச்சத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் கிளம்பினார்கள். ஒலிபெருக்கி போபோடியில் சவுண்ட் செட் வாடகைக்கு விடும் ஹமீதுடையது. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், சொசைட்டி வாசல் அளவுக்கு இரண்டு பெட்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்.

முதலில் வந்தவர் லோஹேகாவில் விமானப் படையிலிருந்து ஓய்வு பெற்ற பாஸ்கர். ஆறடி உயரம், முறுக்கிய மீசை. குரல் கணீரென்று அவர் பெயரைச் சொன்னது. எல்லோரும் கை தட்டினார்கள். அடுத்தது இன்னொருவர், அப்புறம் இரண்டு பேர். எல்லாம் ஒழுங்காகவே போயிற்று. கிருஷ்ணப்ரியா ஒரு கப் டீயை எடுத்து வாயருகே கொண்டுபோனாள்.

அப்போது திருப்பத்தில் ஒரு பெருங்கூட்டம் தெரிந்தது. பேசிச் சிரித்தபடி சேர்ந்தே ஓடிவந்த முப்பத்தொன்பது பேர். முன்பே முடித்த பாஸ்கரும் திரும்பிப் போய் அவர்களோடு இன்னொரு தடவை ஓடி வந்தார். ஜோஷி காக்காவும் இரட்டைப் பின்னல் போட்ட ஒரு சிறுமியும் முன்னால் வந்தார்கள். ஒரு குட்டை நாய் எல்லோரையும் முந்திக்கொண்டு கோட்டைத் தாண்டியது. சந்திரிகாவின் விரல்கள் முப்பத்தொரு வருஷப் பழக்கத்தில், பாஸ்கரின் எண்ணையும் மறுபடி சேர்த்து, பறந்தன. ஜன்னல் ஒரு கணம்கூடத் திணறாமல் அத்தனையையும் வாங்கிக்கொண்டது.

நாற்பது குரலும் ஒரே சமயத்தில் வாயைத் திறந்தன.

அது பேச்சு இல்லை, இடியும் இல்லை. "அபிநந்தன்" என்று ஒருத்தி தொடங்க, "அபி அபி அபி" என்று மற்ற முப்பத்தொன்பது பேரும் அவள் மேல் ஏறி விழுந்தார்கள். காக்கைகள் வேப்ப மரத்தைக் காலி செய்துவிட்டுப் பறந்தன. லேப்டாப்பின் விசிறி வீலென்று சுழன்றது. "ரன்வேயைக் காலி பண்ணுங்கப்பா, டேக் ஆஃப் ஆகப் போகுது!" என்று பாஸ்கர் கத்தினார்.

"ஸ்பீக்கர்ல ஒரு கோளாறும் இல்ல கேட்டியளா!" ஹமீது இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். "குடுக்கறதத்தான் அது பேசும்!"

கிருஷ்ணப்ரியா நிறுத்தும் பொத்தானைத் தேடினாள். அப்படி ஒன்றை அவள் வைக்கவே இல்லை. அதற்குள் பிரிண்டரிலிருந்து சான்றிதழ்கள் விழ ஆரம்பித்தன. ஒரே துண்டுச் சீட்டில் நாற்பது வேலையும் மாற்றி மாற்றி எழுதியதில், பாஸ்கர் பெயருக்கு மேலே நாக்கைத் தொங்கப் போட்ட குட்டை நாய் உட்கார்ந்திருந்தது. ஜோஷி காக்கா இரட்டைப் பின்னலும் ஓட்டைப் பல்லுமாக, ஏழு வயதுக்குட்பட்டோர் பிரிவில் இரண்டாமிடம் பெற்றிருந்தார்.

ஹமீது ஒயரைப் பிடுங்கப் போனார். ஜோஷி காக்கா தன் சான்றிதழை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குறுக்கே பாய்ந்தார். "நகோ, நகோ! சாலூ த்யா!" நிறுத்தாதே, ஓடட்டும் என்கிறார். சிரித்துச் சிரித்து அவர் கண்ணில் நீர் வழிந்தது. யாரோ தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்ற கிருஷ்ணப்ரியா அத்தையைத் திரும்பிப் பார்த்தாள். சந்திரிகா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார். அவ்வளவுதான், இவளுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"அத்தை, இன்னும் இருநூத்தி எழுபது பேரு வரணுங்க!" மூச்சு வாங்கியது அவளுக்கு.

"நீ பாட்டுக்கு அதைச் சரி பண்ணு. நம்பரையும் டைமையும் நான் நோட்டுல எழுதிக்கறேன். கரன்ட் போன ஆபீஸ்ல எத்தனை நாளு வேலை பார்த்திருக்கேன்!"

கிருஷ்ணப்ரியா மென்பொருளை மொத்தமாக மூடிவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். வருகிற வேலையெல்லாம் வரிசையில் நிற்க வேண்டும். சான்றிதழுக்கு மூன்றே மூன்று ஆள். குரலுக்கு ஒரே ஒரு ஆள், ஒரு பெயரை முடித்தால்தான் அடுத்தது. ஒவ்வொரு வேலைக்கும் சொந்தச் சீட்டு. அப்புறம், பெரிதாக, சிவப்பாக ஒரு 'நிறுத்து'. சிரிப்பு அடங்காமல் 'நிறுத்து' என்பதை மூன்று தடவை தப்பாக அடித்தாள். அவளைத் தாண்டி ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அத்தையின் பேனா ஓடிக்கொண்டே இருந்தது.

இருபது நிமிஷத்தில் முடித்தாள். சந்திரிகா நோட்டைப் பக்கத்தில் விரித்து வைத்து எண்களைக் கொட்டினார். இந்தத் தடவை ஜன்னலில் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக வரிசை கட்டின. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சின்னப் பச்சைக் கோடு இடமிருந்து வலமாக நிரம்பியது. நிரம்பிய பெயர் பட்டியலிலிருந்து விலக, அடுத்தது மேலே ஏறியது. ஹமீது மூச்சைப் பிடித்துக்கொண்டு பெட்டியின் ஒலியைக் கூட்டினார்.

ஒரே ஒரு குரல் ஒரே ஒரு பெயரைச் சொன்னது.

கூட்டம் ஊளையிட்டுக் கொண்டாடியது. வரிசையில் முந்நூறு பெயருக்கு மேல் இருந்தன. எல்லாம் முடிய ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். ஆனால் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. போஹா என்கிற அவல் உப்புமாவைத் தட்டில் வாங்கிக்கொண்டு புல்வெளியில் உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு பெயர் வரும், அந்த ஆள் எழுந்து நின்று கும்பிடுவார், மற்றவர்கள் தட்டைத் தட்டுவார்கள். மற்ற வருஷங்களில் பக்கத்து பிளாக்குக்காரரின் பெயர்கூடத் தெரியாமல் கலைந்து போகிற கூட்டம் இது.

பாஸ்கருக்குத் திருத்திய சான்றிதழை நீட்டினாள். அவர் அதை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, நாய்ப் படம் போட்டதை மேலே தூக்கிக் காட்டினார். "ஹாலில் மாட்டப் போறது இதைத்தான். மீசை மட்டும் கொஞ்சம் வரைஞ்சு குடும்மா."

கடைசிப் பச்சைக் கோடும் நிரம்பிப் பட்டியல் காலியானபோது வெயில் ஏறியிருந்தது. கிருஷ்ணப்ரியா லேப்டாப்பை மூடினாள். முதுகு வலித்தது, வயிறும் சிரித்துச் சிரித்து வலித்தது. சந்திரிகா செருப்பைக் கழற்றி மேஜைக்கடியில் தள்ளிவிட்டு, சேலைக் கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டிருந்தார்.

"என்னங்கத்தை?"

"முந்நூறு பேரு ஓடினதைக் காலையிலிருந்து எழுதியே கை ஓஞ்சு போச்சு. எந்திரி அம்மிணி, நாமளும் ஒரு ரவுண்டு ஓடிப்போட்டு வரலாம்."

"இப்பவாங்க? இந்த வெயில்லயா?"

அத்தை அதற்குள் வாசலைத் தாண்டியிருந்தார். கிருஷ்ணப்ரியா அவர் பின்னால் ஓடினாள்.